கொடுத்தது சேர்ந்ததா?

மழை பெய்த மறுநாள் காலையில் திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் விவசாயி வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. புஞ்சைக்குள் இறங்கி, குனிந்து, மண்ணைக் கிளறிப் பார்க்கிறார். ஈரம் எத்தனை விரல் ஆழம் இறங்கியிருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகே அது ஓர் உழவு மழையா, இரண்டு உழவு மழையா என்று வாய் திறக்கிறார். மேகம் எவ்வளவு கொட்டியது என்பதை விட, மண் எவ்வளவு வாங்கிக்கொண்டது என்பதே அவருடைய கணக்கு. பஞ்சத்தையும் வறட்சியையும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட பூமி கற்றுக்கொடுத்த அளவை இது.

மருந்து விஷயத்தில் நம்மில் பலரும் இவ்வாறு கணக்குப் பார்ப்பதில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்று நாம் கேட்பதெல்லாம் "மாத்திரை சாப்பிட்டாயா?" என்ற ஒரே கேள்விதான். "சாப்பிட்டேன்" என்று பதில் வந்துவிட்டால் நமது கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். நாக்கைக் கடந்த பின் அந்த மாத்திரை எங்கே போயிற்று, எவ்வளவு இரத்தத்தில் சேர்ந்தது, எத்தனை நாழிகை தங்கியது, எந்த வழியாக வெளியேறியது என்று கேட்பாரில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்ட அறிஞர்கள் சிலர் உண்டு. அவர்களுள் நமது சென்னை மாநகரில் உழைத்த ஒருவரைப் பற்றியும், அவரோடு உழைத்தவர்களைப் பற்றியும் இங்கே சிந்திக்க விழைகிறோம்.

மருந்து உடலுக்குள் செல்லும் வழியை ஆராயும் இத்துறையை மருந்தியக்கவியல் என்பர். 1937-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு உப்சாலாவைச் சேர்ந்த டோர்ஸ்டன் டியோரெல் என்பவர், உடலுக்குள் மருந்தின் அளவு ஏறுவதையும் இறங்குவதையும் கணிதச் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார். 1953-இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் டோஸ்ட் என்பவர் எழுதிய நூலின் வழியாக இத்துறைக்கு இன்றைய பெயர் நிலைத்தது. இத்துறை நான்கு படிகளைப் பேசுகிறது. குடலிலிருந்து மருந்து உட்கவரப்படுதல் முதற்படி. இரத்தத்தின் வழியாக உறுப்புகளுக்குப் பரவுதல் இரண்டாவது. பெரும்பாலும் ஈரலில் வேறு பொருளாக மாற்றப்படுதல் மூன்றாவது. சிறுநீரகத்தின் வழியாகவோ பித்தத்தின் வழியாகவோ வெளியேறுதல் நான்காவது. இந்நான்கில் எந்தப் படியிலும் ஒரு மனிதர் மற்றவரைப் போல் இருப்பதில்லை. எனவே ஒரே மாத்திரை இருவர் வயிற்றில் விழுந்தால், அது இரு வேறு மருந்துகளாகிவிடக்கூடும்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினார் கையாளும் ஒரு கோட்பாட்டை நாம் மனப்பாடம் செய்ததுண்டு. பெறப்படுவது எதுவாயினும் அது பெறுபவரின் தன்மைக்கேற்பவே பெறப்படுகிறது என்பது அதன் சாரம். ஒரே கடல்நீரைக் குடமும் கொள்ளும், செம்பும் கொள்ளும். அளவு மட்டும் கலத்தைப் பொறுத்தது. அருளைப் பற்றியும் அறிவைப் பற்றியும் சொல்லப்பட்ட இக்கோட்பாட்டை, ஒரு மாத்திரையைப் பற்றியும் சொல்ல முடியும் என்று அன்று நமக்குத் தோன்றியதில்லை. ஆனால் சென்னை சேத்துப்பட்டிலுள்ள ஒரு காசநோய் ஆய்வகத்தில் அது இரத்தத்துளிகளைக் கொண்டு நிறுவப்பட்டது.

காசநோய்க்கு மருந்தில்லாத காலத்தில் காற்றோட்டமும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சை. அதற்காகவே சானட்டோரியங்கள் எழுந்தன. தாம்பரத்திற்கு அடுத்த இரயில் நிலையம் இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. வசதியுள்ளவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. வறண்ட சீமையின் கூலிக்காரருக்கோ வீட்டுத் திண்ணையின் ஓரமும், தனித்து வைக்கப்பட்ட ஓர் அலுமினியத் தட்டுமே மிஞ்சின. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பின்னர் ஐசோனியசிட் வந்தது. பிந்தியதன் வரலாறு வியப்புக்குரியது. 1912-இலேயே பிராக் நகரில் இரு வேதியியலார் அதனை உருவாக்கிவிட்டனர். அதன் பயனை அறியாமல் விட்டுவிட்டனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952-இல்தான் அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று உலகம் அறிந்தது. விலை மலிவான மாத்திரை. ஏழை நாடுகளுக்கு ஏற்றது. நாற்பது ஆண்டுகளில் இருமி இருமி மாண்டவர் எத்தனை பேர் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை வழிநடத்தினார். மையத்தின் முதல் ஆய்வு 193 நோயாளிகளைக் கொண்டது. ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருந்து பெற்றனர்; மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே தங்கி, எளிய உணவை உண்டு, அதே மருந்தைப் பெற்றனர். 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பது தொடர்ந்த ஆய்வில் தெரியவந்தது. ஏழையைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்ற செய்தி இவ்வாறு சென்னையிலிருந்து உலகெங்கும் சென்றது.

இந்த வெற்றியோடு மையத்தார் மனநிறைவடைந்து அமர்ந்திருக்கலாம். ஆனால் குணமடையாத சிலரும் இருந்தார்களே! அவர்கள் ஏன் குணமடையவில்லை? மருந்தைத் தின்றார்களா, தின்னவில்லையா? தின்றும் பயனில்லை என்றால் குற்றம் எங்கே? இக்கேள்விகளோடு மாத்திரையைப் பின்தொடர்ந்து நோயாளியின் இரத்தத்திற்குள் நுழைந்தவர்களில் முன்னின்றவர் பி.ஆர்.ஜே. கங்காதரம் என்னும் உயிர்வேதியியல் அறிஞர்.

அவரும் அவருடைய தோழர்களும் செய்த பணியின் முறை எளிமையானது. ஆனால் மிகுந்த பொறுமையை வேண்டுவது. நோயாளிக்கு அளந்த ஐசோனியசிட் ஊசியாகப் போடப்படும். சில மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கப்படும். அந்த இரத்தத்தின் தெளிநீர் கிருமியின் வளர்ச்சியை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று சோதிக்கப்படும். கிருமி தடைபட்டால் மருந்து இன்னும் இரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். கிருமி செழித்தால் மருந்து கரைந்து போய்விட்டது என்று பொருள். கிருமியையே தராசாக்கி மருந்தை நிறுத்த முறை இது. 1961-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் இந்த ஆய்வுகள் வெளிவந்தன.

மனிதரில் இரு வகையினர் இருப்பதை அவை நம் மக்களிடையே அளந்து காட்டின. ஐசோனியசிட்டை ஈரல் ஒரு சிறு மாற்றத்தால் செயலிழக்கச் செய்கிறது. சிலருடைய ஈரல் இவ்வேலையை விரைந்து முடிக்கிறது. ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகிவிடுகிறது. வேறு சிலருடைய ஈரல் நிதானமாகச் செய்கிறது. பாதியாவதற்கு மூன்று மணி நேரம் போல ஆகிறது. செவல் காட்டில் விழுந்த மழையும் கரிசல் காட்டில் விழுந்த மழையும் போல என்று சொல்லலாம். ஒன்றில் வடிந்தோடிவிடும், மற்றொன்றில் தங்கி நிற்கும். தென்னிந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பேர் மெல்ல மாற்றுவோர். ஜப்பானியரிலோ மிகப் பெரும்பாலோர் விரைந்து மாற்றுவோர். இது பெற்றோர் வழி வரும் மரபுப் பண்பு என்பதை 1960-இல் பிரைஸ் எவன்ஸ் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நிறுவினர். இதில் நோயாளியின் ஒழுக்கத்திற்கோ முயற்சிக்கோ பங்கே இல்லை. கண்ணின் நிறத்தைப் போல, அது பிறப்போடு வருவது.

இதனால் என்ன வேறுபாடு என்று வாசகர் வினவலாம். இரு முனைகளிலும் வேறுபாடு உண்டு.

முதலில் மெல்ல மாற்றுவோரைப் பார்ப்போம். அவர்களிடம் மருந்து நெடுநேரம் தங்குவதால் கிருமி நன்கு அழிகிறது. ஐசோனியசிட் ஒன்றை மட்டுமே பெற்ற நோயாளிகளுள் இவர்களே கூடுதல் பயன் அடைந்தனர் என்று அந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் தங்கும் மருந்து நரம்பையும் தாக்கும். கால் மதமதப்பும் பாதத்தில் எரிச்சலும் தோன்றும். 1960-இல் வெளியான சென்னை மையத்தின் அறிக்கை இத்துன்பத்தை விரிவாகப் பதிவு செய்தது. உயிர்ச்சத்து பி-6 சேர்த்துக் கொடுத்தால் இதனைத் தவிர்க்கலாம் என்று இன்று எல்லா மருத்துவரும் அறிவர்.

நமது பங்கின் கிளைக் கிராமங்களில் நற்கருணை எடுத்துச் செல்லும்போது இந்த எரிச்சலை நாம் நேரில் கண்டிருக்கிறோம். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் வீட்டுத் தாய் ஒருவர், ஈரத் துணியைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். "சாமி, இருமல் நின்னுருச்சு. ஆனா இந்த மாத்திரை காலை அனலா எரிக்குது. நான் நிறுத்திட்டேன்" என்றார். அருகிலிருந்த மகன், "சொன்னாக் கேக்கவே மாட்டாக சாமி, பிடிவாதம்" என்று சலித்துக்கொண்டார். பிடிவாதம் என்று அவர் அழைத்ததற்குள் எத்தனை உண்மை மறைந்திருந்தது! அந்தத் தாயின் உடல் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது, கேட்பதற்குத்தான் ஆளில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொன்னோம். ஒரு சிறு வைட்டமின் மாத்திரை கூடுதலாக எழுதித் தந்தார்கள். எரிச்சல் படிப்படியாகக் குறைந்தது. சிகிச்சையும் நிறைவு பெற்றது.

இனி மறுமுனை. அறுபதுகளில் மையத்தார் மற்றொரு சிக்கலைத் தீர்க்க முயன்றனர். நாள்தோறும் மருந்துண்ண ஏழைகளால் இயலவில்லை. நோய் குறைந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்தில் இருமுறை, மேற்பார்வையில் மருந்து கொடுத்தால் என்ன? 1964-இல் வெளியான ஆய்வு, ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும் வாரம் இருமுறை கொடுத்தால் பலன் நன்றாகவே இருக்கிறது என்றது. அப்படியானால் வாரம் ஒருமுறை போதுமா? முயன்று பார்த்தார்கள். இங்கேதான் இரு வகையினரின் வேறுபாடு வெளிச்சத்திற்கு வந்தது. மெல்ல மாற்றுவோர் ஓரளவு நன்கு தேறினார்கள். விரைந்து மாற்றுவோரிடமோ பலன் தெளிவாகக் குறைந்தது. அவர்களுடைய உடல் மருந்தை விரைவில் அகற்றிவிட, கிருமிக்கு வாரத்தில் நெடுநாள் ஓய்வு கிடைத்துவிட்டது.

இந்த ஒரு முடிவை மட்டும் வாசகர்கள் சற்று நேரம் மனத்தில் வைத்துச் சிந்திக்க வேண்டுகிறோம். ஒரு கூலித் தொழிலாளி தவறாமல் வாரந்தோறும் வந்து, செவிலியர் கண்முன்னே மருந்தை விழுங்கிச் செல்கிறார். ஆறு மாதம் கழித்தும் சளியில் கிருமி இருக்கிறது. இந்த ஆய்வு நடந்திராவிட்டால் அவரைப் பற்றி என்ன சொல்லியிருப்போம்? "வெளியே போய்த் துப்பியிருப்பான்", "குடித்திருப்பான்", "இவர்களைத் திருத்தவே முடியாது" என்றுதானே! ஏழையின் மீது சுமத்துவதற்கு நம்மிடம் எப்போதும் ஒரு குற்றச்சாட்டு தயாராக இருக்கிறது. சென்னை மையத்தார் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மருந்துண்டாரா என்று அறிய முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். அதே கையோடு, உண்ட மருந்து இரத்தத்தில் போதிய அளவு இருந்ததா என்றும் சோதித்தார்கள். இரண்டையும் அளந்தவர்களுக்கு மட்டுமே, இங்கே தவறியது மனிதரா, நாம் வகுத்த முறையா என்று நீதியோடு தீர்ப்பளிக்க உரிமை உண்டு.

பெறுபவரின் தன்மைக்கேற்பவே பெறப்படுகிறது என்ற கோட்பாடு மேடைகளில் பெரும்பாலும் பெறுபவருக்கு எதிராகவே எடுத்தாளப்படுவதை நாம் அறிவோம். கொடுத்தது நன்றாகத்தான் இருந்தது, கலம்தான் ஓட்டை என்று முடித்துவிடுவது எளிது. கங்காதரமும் அவருடைய தோழர்களும் அதே கோட்பாட்டைத் திருப்பிப் பிடித்தார்கள். கலம் இப்படிப்பட்டது என்று தெரிந்த பின், கொடுப்பவர் தம் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். அறம் என்பது இங்கே கொடுப்பவரின் பொறுப்பாகிறது.

கங்காதரத்தின் பிற்கால வாழ்வும் இந்த ஒரே இழையைப் பற்றியே சென்றது. அமெரிக்கா சென்று டென்வர் நகரின் நேஷனல் ஜூயிஷ் மருத்துவமனையிலும், பின்னர் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளைப் பற்றி 1984-இல் நூல் எழுதினார். 1991-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அவருடைய தொடக்ககாலக் கேள்விக்கு அவரே தேடிய விடை போல அமைந்தது. உடலில் தானே கரையக்கூடிய ஒரு பொருளில் ஐசோனியசிட்டை அடைத்து, தோலுக்கடியில் ஒருமுறை பதித்துவிட்டால், அது சிறிது சிறிதாகக் கசிந்து பல வாரங்கள் உடலில் நீடிக்கிறது என்று விலங்குகளில் செய்து காட்டினார்கள். மருந்து எவ்வளவு விரைவில் மறைகிறது என்று சென்னையில் அளந்தவர், அது மறையாமல் தங்குவதற்கு வழி தேடினார். அந்த முறை மனிதருக்கான வழக்கமான சிகிச்சையாக இன்னும் மலரவில்லை. ஆயினும் ஒரு கேள்வியை முப்பது ஆண்டுகள் கைவிடாமல் சுமப்பது என்றால் என்ன என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

சென்னையிலும் அவ்விளக்கு அணையவில்லை. 2011-இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்ற அதே மையத்தில், பிரேமா குருமூர்த்தி, கீதா இராமச்சந்திரன் முதலிய அறிஞர்கள் பணியைத் தொடர்ந்தனர். ஹெச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் குடல் ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிட்டையும் சரிவர உட்கவர்வதில்லை என்று 2004-இல் வெளியிட்டார்கள். பிள்ளைகளின் வயது, ஊட்டநிலை, மேற்சொன்ன மரபு வகை ஆகியவை இரத்தத்திலுள்ள மருந்தின் அளவை மாற்றுகின்றன என்று 2013-இல் காட்டினார்கள். மெலிந்த பிள்ளைக்கும் சிறு பிள்ளைக்கும் போதிய மருந்து சேராமல் போகக்கூடும் என்பது அதன் பொருள். நமது நாட்டின் காசநோய்த் திட்டம் வாரம் மும்முறை என்ற பழைய முறையைக் கைவிட்டு, 2017-லிருந்து நோயாளியின் எடைக்கேற்ற அளவில் நாள்தோறும் மருந்து வழங்கும் முறைக்கு மாறியது. சத்துணவுக்கென நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரில் தொகை 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டியதைப் போற்றுகிறோம். சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததையும் போற்றுகிறோம். அதற்குப் பிறகு அவர் கொடுத்த வாக்கை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். திரும்பி வருவதாகவும், கூடுதலாகச் செலவானால் அதனையும் தருவதாகவும் அவர் சொன்னார். கொடுத்த இரண்டு தெனாரியம் போதாமல் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே, கொடுத்தது போதியதா என்று பார்க்கத் திரும்பி வரும் பொறுப்பைத் தாமே ஏற்றார். சேத்துப்பட்டு ஆய்வகத்தில் இரத்தக் குழாய்களோடு அமர்ந்திருந்தவர்கள் செய்ததும் இந்தத் திரும்பி வருதலையே.

நமது வறண்ட சீமையில் இந்நோய் இன்னும் இருக்கிறது. அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்திலும், மிளகாய்க் களத்திலும், கரிமூட்டத்தின் ஓரத்திலும் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலை, தூசி என்றும் புகை என்றும் நெடி என்றும் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. சளியைப் பரிசோதிப்பதும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் மருந்தைக் கையில் கொடுத்ததோடு எதுவும் முடிவதில்லை. பொதுவாக இம்மாத்திரைகள் வெறும் வயிற்றில் நன்கு உட்கவரப்படுகின்றன. உணவோடு சேரும்போது இரத்தத்தில் ஏறும் அளவு குறையலாம். வயிற்றெரிச்சலுக்குத் தாமாகவே வாங்கி உண்ணும் மாத்திரைகள் குறுக்கிடலாம். மஞ்சள் காமாலையின் அறிகுறியோ, கால் எரிச்சலோ, பார்வை மங்கலோ தோன்றினால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. அண்டை வீட்டாரின் மாத்திரையைத் தம் மாத்திரையாக எண்ணவும் கூடாது. அவருடைய அளவு அவருக்கு. நம்முடைய அளவு நமக்கு.

பங்குகளில் நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் மரியாயின் சேனையினருக்கும், வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும், அன்பியக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். பழமும் ரொட்டியும் கொண்டு செல்வது நல்லதுதான். "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதும் நல்லதுதான். அதன்பின் உடனே எழுந்துவிடாதீர்கள். "சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கிறது? எங்கே எரிகிறது? எடை கூடியிருக்கிறதா? பசிக்கிறதா?" என்று கேட்டு, பதில் வரும் வரை அமர்ந்திருங்கள். பதிலைக் குறித்துக்கொண்டு செவிலியரிடம் சேர்ப்பியுங்கள். அடுத்த வாரம் மீண்டும் சென்று, அதே கேள்வியை அதே பொறுமையோடு கேளுங்கள்.